பழுதான மூன்று சக்கர வண்டியைக் கட்டி இழுத்தல்: இடம் அடைக்காத கருவிகள், பாதுகாப்பான முறைகள்

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் அச்சகத்துக்குக் காகிதக் கட்டுகளும், தீப்பெட்டி ஆலைக்குக் குச்சி மூட்டைகளும், காலி அட்டைப்பெட்டிகளும் நாள்தோறும் லோடு ஆட்டோவில்தான் போகின்றன. வண்டி வழியில் நின்றுவிட்டால் அதைப் பட்டறை வரை கொண்டுசேர்ப்பது உரிமையாளரின் பொறுப்பு. வண்டி நிற்பதோ வீட்டு வாசலில் அல்லது சந்து முனையில். டிரெய்லர் வாங்கி நிறுத்த இடம் இருக்காது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி டிரெய்லரும் பதிவு செய்யவேண்டிய வாகனமே என்பதால், ஆண்டுக்கு ஓரிரு முறை தேவைப்படும் வேலைக்கு அது இடத்துக்கும் செலவுக்கும் பாரம். சீட்டுக்கு அடியில் அடங்கும் ஒரு பை, சுவரில் மாட்டக்கூடிய ஒரு கம்பி, மூன்று பலகைகள் ஆகியவற்றோடு சரியான வரிசையும் தெரிந்திருந்தால் பெரும்பாலான சமயங்களுக்குப் போதும்.

## இழுக்கும் முன் முடிவு செய்யவேண்டியவை

கயிற்றை எடுப்பதற்கு முன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்க்கவேண்டும். ஒன்றில் தவறினாலும் கயிறு கட்டி இழுக்கும் முறை பொருந்தாது.

1. சுமை. வண்டியில் என்ன இருக்கிறது? பட்டாசு, வெடிமருந்து, தீக்குச்சி, இரசாயனத் தூள் எதுவாக இருந்தாலும் இழுக்கக்கூடாது.
2. பிரேக். எஞ்சின் ஓடாத நிலையில் பிரேக் பிடிக்கிறதா என்று நின்ற இடத்திலேயே மிதித்துப் பார்க்கவேண்டும்.
3. ஹேண்டில்பார். இரு பக்கமும் முழுதாகத் திரும்புகிறதா? ஹேண்டில் பூட்டு விடுபட்டிருக்கிறதா?
4. சக்கரங்கள். மூன்றும் தடையின்றிச் சுழல்கின்றனவா? காற்று இருக்கிறதா? பின்சக்கரம் இறுகிப்போயிருந்தால் ஏற்றித்தான் செல்லவேண்டும்.
5. எரிபொருள். பெட்ரோல், டீசல், எரிவாயு கசிவு இருந்தால் கசிவு நிற்கும்வரை வண்டியை அசைக்கக்கூடாது.
6. ஆள். இழுக்கப்படும் வண்டியில் உட்கார, அந்த வகை வண்டியை ஓட்ட உரிமம் உள்ள ஒருவர் இருக்கிறாரா?

### பட்டாசுச் சரக்கு இருந்தால்

பட்டாசை ஏற்றுவது, இறக்குவது, கொண்டுசெல்வது எல்லாம் வெடிபொருள் விதிகள், 2008-க்கு உட்பட்ட உரிம வேலைகள். சாலையோரத்தில் நின்று வேறு வண்டிக்கு மாற்றுவது டிரைவரும் உதவிக்கு வந்தவரும் தாமாக முடிவு செய்யும் காரியம் அல்ல. செய்யவேண்டிய வரிசை இது:

1. எஞ்சினை அணைத்து, சாவியை எடுக்கவேண்டும்.
2. வண்டியின் அருகே பீடி, சிகரெட், வெல்டிங், பேட்டரி இணைப்பு எதையும் அனுமதிக்கக்கூடாது.
3. கூடும் ஆட்களை நன்றாக விலக்கி நிறுத்தவேண்டும். உதவ வந்தவர்களையும் சேர்த்தே விலக்கவேண்டும்.
4. சரக்கை அனுப்பிய உரிமதாரருக்குத் தகவல் சொல்லவேண்டும். புகை, கசிவு, விபத்து எதுவும் இருந்தால் உடனே 101 அல்லது 112-ஐ அழைக்கவேண்டும்.
5. சரக்கு முறைப்படி அகற்றப்பட்டு, தரையில் சிந்திய தூள் சுத்தம் செய்யப்பட்ட பிறகே வண்டியை இழுப்பது பற்றி யோசிக்கலாம்.

### மற்றச் சரக்கு இருந்தால்

காகிதம், அட்டை, மளிகை எதுவானாலும் முதலில் இறக்கிவிடுவதே நல்லது. வெறும் ஆட்டோவின் எடை பொதுவாக 350 முதல் 500 கிலோ வரை இருக்கும். முழுச் சுமையுடன் ஒரு லோடு ஆட்டோ ஏறத்தாழ ஒரு டன்னைத் தொடும். ஒற்றை முன்சக்கரம் உள்ள வண்டி, வளைவில் பிரேக் பிடிக்கும்போது முன்பக்க மூலையை நோக்கிச் சாயும். உயரமாக அடுக்கிய சுமை அந்தச் சாய்வைக் கவிழ்ப்பாக மாற்றிவிடும். வண்டியின் சரியான எடை பதிவுச் சான்றில் 'சுமையில்லா எடை' என்று இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் பெல்ட் வாங்கும்போது உதவும்.

## சீட்டுக்கு அடியில் வைக்கவேண்டிய பை

கீழ்க்கண்டவை அனைத்தும் ஒரு சணல் பையில் அடங்கும்.

- 2 டன் பாலியெஸ்டர் பெல்ட், 4 மீட்டர். இரு முனையிலும் தைத்த கண்ணி இருக்கவேண்டும். தூக்கும் பெல்ட்டுகளில் நிறம் தாங்கும் எடையைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். பச்சை பெல்ட் ஆட்டோவுக்குப் போதும். தட்டையாகச் சுருட்டலாம் என்பதால் கயிற்றைவிடக் குறைந்த இடம் பிடிக்கும்.
- 1 மீட்டர் குட்டைப் பெல்ட் ஒன்று. சேசிஸில் சுற்றிப் பிடிப்பு உண்டாக்க.
- டி ஷேக்கிள் இரண்டு. தாங்கும் எடை பொறித்தது, திருகுமுள் உள்ளது.
- மரக்கட்டை இரண்டு. சக்கரத்துக்கு அடை கொடுக்க, ஆப்பு வடிவில் செதுக்கியது.
- சிவப்புத் துணி, ஒளிதிருப்பும் பட்டை, மடக்கு முக்கோணம்.
- தடித்த கையுறை, டார்ச், பழைய சாக்கு ஒன்று.

குறிப்பு: பல ஆட்டோக்களில் பேட்டரியும் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். ஷேக்கிள் உருண்டு பேட்டரி முனைகள் இரண்டிலும் பட்டால் பொறி பறக்கும். இரும்புப் பொருள்களைத் துணியில் சுற்றிப் பையின் நடுவே வைத்து, பையை பேட்டரிக்கு எதிர்ப்பக்கம் கட்டிவைக்கவேண்டும்.

குறிப்பு: சங்கிலி வேண்டாம். அது நீளாது என்பதால் ஒவ்வொரு வெட்டும் அப்படியே சேசிஸில் இறங்கும். தார்ச்சாலையில் உரசினால் பொறியும் கிளம்பும். பிளாஸ்டிக் நூல் கயிறு வெயிலில் நாளடைவில் நொறுங்கிவிடும். மாதக்கணக்கில் வண்டி மேல் வெயிலில் கிடந்த கயிறு பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் நம்பத்தக்கது அல்ல.

## முறை 1: பெல்ட் கட்டி இழுத்தல்

பிரேக்கும் ஹேண்டில்பாரும் சரியாக உள்ள, எஞ்சின் மட்டும் நின்றுபோன காலி வண்டிக்கு இது பொருந்தும். போகும் தூரம் அருகிலுள்ள பட்டறை வரை மட்டுமே.

### சட்டம் வகுத்த எல்லைகள்

1989-ஆம் ஆண்டின் சாலை விதி ஒழுங்குமுறைகள், இழுக்கும் வண்டிக்கும் இழுக்கப்படும் வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்றும், வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்றும் வகுத்தன. கயிறு பிறர் கண்ணில் படும்படி இருக்கவேண்டும், வண்டி இழுவையில் இருப்பதைச் சொல்லும் பலகை பின்னால் தெரியவேண்டும், உரிமம் உள்ளவர் பின்வண்டியில் உட்காரவேண்டும் என்பனவும் அவற்றில் இருந்தன. அவற்றின் இடத்தில் மோட்டார் வாகன (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள், 2017 வந்தன. வேலை செய்பவர் இந்த எல்லைகளுக்குள்ளேயே நிற்பது நல்லது. மூன்று சக்கர வண்டிக்கு மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டரே ஏற்ற வேகம்.

### கட்டும் வரிசை

1. வண்டியைச் சாலையின் இடது ஓரத்துக்குத் தள்ளி, பின்சக்கரங்களுக்கு அடை கொடுக்கவேண்டும். சுமார் 50 மீட்டர் பின்னால் முக்கோணம் வைக்கவேண்டும்.
2. இழுக்கும் வண்டி, இழுக்கப்படுவதைவிட எடை குறைந்ததாக இருக்கக்கூடாது. டாடா ஏஸ் போன்ற நான்கு சக்கர வண்டி உகந்தது. இன்னொரு ஆட்டோவால் இழுப்பதானால் இரண்டும் காலியாக, சாலை சமதளமாக இருக்கவேண்டும். இருசக்கர வாகனத்தால் இழுக்கவே கூடாது.
3. இழுக்கப்படும் ஆட்டோவில் இழுவைக் கொக்கி இருந்தால் அதையே பயன்படுத்தவேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கம் சேசிஸின் கனமான குறுக்குச் சட்டத்தில், வண்டியின் நடுக்கோட்டில், குட்டைப் பெல்ட்டைச் சுற்றவேண்டும். கூர்மையான தகட்டு விளிம்பு இருந்தால் இடையில் சாக்கை மடித்து வைக்கவேண்டும்.
4. ஹேண்டில்பார், மட்கார்டு, பம்பர், முன்சக்கரத்தின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றில் கட்டக்கூடாது. ஒற்றை முன்சக்கரம் என்பதால் அங்கு விழும் இழுவை நேரே ஸ்டியரிங்கைக் கோணலாக்கும்.
5. நீளப் பெல்ட்டை ஷேக்கிள் மூலம் இணைக்கவேண்டும். பெல்ட்டை முடிச்சுப் போடக்கூடாது. முடிச்சு விழுந்த இடத்தில் அதன் வலு வெகுவாகக் குறைந்துவிடும். ஷேக்கிளின் திருகுமுள்ளை முழுதாக முடுக்கி, கால் சுற்று மட்டும் தளர்த்தினால் பிறகு கழற்ற எளிது.
6. ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். டயரில் பெல்ட் படுமானால் கட்டிய இடத்தை மாற்றவேண்டும்.
7. பெல்ட்டின் நடுவே சிவப்புத் துணியும், பின்வண்டியின் பின்புறம் பலகையும் ஒளிதிருப்பும் பட்டையும் கட்டவேண்டும்.
8. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சாவியை விளக்கும் ஹாரனும் இயங்கும் நிலையில் வைக்கவேண்டும். அடைக்கட்டையைக் கடைசியாக எடுக்கவேண்டும்.

### ஓட்டும் வரிசை

சமதளத் தார்ச்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் காலி ஆட்டோவை இழுக்கத் தேவைப்படும் விசை மிகக் குறைவு. பெல்ட்டை அறுப்பதும் சேசிஸை வளைப்பதும் வெட்டி இழுப்பதுதான். தொய்ந்த பெல்ட் சடக்கென்று விறைக்கும்போது விசை பல மடங்காகும். பெல்ட் எப்போதும் விறைப்பாக இருக்கவேண்டும் என்பதே இந்த முறையின் ஒரே இரகசியம்.

1. புறப்படும் முன் ஹாரன் சைகைகளைப் பேசி முடிவு செய்யவேண்டும்: ஒரு நீண்ட ஒலி என்றால் நிறுத்து, இரண்டு சிறிய ஒலி என்றால் மெதுவாக.
2. முன்வண்டி முதல் கியரில் நகர்ந்து, பெல்ட் விறைக்கும் இடத்தில் ஒரு கணம் நின்று, பிறகு மெல்லப் புறப்படவேண்டும்.
3. வேகம் குறையும்போது முதலில் பிரேக் பிடிக்கவேண்டியவர் பின்வண்டிக்காரர். அவர் இலேசாகப் பிடித்தால்தான் பெல்ட் தொய்யாது, மோதலும் நேராது. முன்வண்டிக்காரர் திடீரென்று பிரேக் பிடிக்காமல், முன்கூட்டியே ஆக்சிலேட்டரைத் தளர்த்தவேண்டும்.
4. வேகத்தடையை முன்வண்டி ஏறி இறங்கியதும் வேகம் கூட்டக்கூடாது. பின்வண்டி தாண்டும்வரை அதே ஊர்தலில் போகவேண்டும்.
5. வளைவில் முன்வண்டி அகலமாகத் திரும்பவேண்டும். பின்வண்டி எப்போதும் உட்புறமாக இழுபடும்.
6. முதல் அரை கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, ஷேக்கிள், பெல்ட், உரசும் இடம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

### வழியைத் தேர்ந்தெடுத்தல்

மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளும் பேருந்துகளும் விரையும்போது 20 கிலோமீட்டர் வேகத்தில் கட்டி இழுப்பது உயிருக்கு ஆபத்து. அங்கே வண்டி நின்றால் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-ஐ அழைக்கவேண்டும். சர்வீஸ் சாலை தொடர்ச்சியாக இருந்தால் மட்டும் அதில் இழுக்கலாம்.

விருதுநகர்–தென்காசி இரயில் பாதை திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியே செல்கிறது. இரயில்வே கேட்டைக் கடக்கும்போது முன்வண்டி, பெல்ட், பின்வண்டி மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 11 மீட்டர் நீளம் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். தண்டவாளத்துக்கு அப்பால் அவ்வளவு இடம் காலியாக இருப்பது கண்ணில் பட்ட பிறகே நுழையவேண்டும். மேம்பாலம் உள்ள இடத்தில் இறக்கம்தான் கடினம்: பின்வண்டி தன் எடையால் முன்வண்டியை நெருங்கும். இறக்கம் முழுதும் பின்வண்டியின் பிரேக்கே வேலை செய்யவேண்டும்.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சிவகாசியைச் சுற்றிய சாலைகள் சரக்கு லாரிகளால் நிறைந்திருக்கும். அதிகாலையில், போதிய வெளிச்சம் வந்த பிறகு இழுப்பது நல்லது. இரவில் இழுக்கக்கூடாது. பட்டாசு ஆலை, கிட்டங்கி வாசல்களில் இடையே நிறுத்தக்கூடாது.

## முறை 2: மடக்கும் இழுவைக் கம்பி

பிரேக் பிடிக்காத வண்டியைப் பெல்ட்டில் இழுத்தால் அது முன்வண்டியில் மோதும். அதற்கு விறைப்பான கம்பி வேண்டும். இரண்டு அல்லது மூன்று துண்டுகளாகக் கழன்று, முளை செருகி இணையும் கம்பிகள் கிடைக்கின்றன. துண்டுகளை வாசல் சுவரில் இரண்டு கொக்கிகளில் மாட்டிவைக்கலாம். தரையில் இடம் தேவையில்லை.

1. இழுக்கும் வண்டி, இழுக்கப்படுவதைப்போல இரு மடங்காவது எடை உள்ளதாக இருக்கவேண்டும். இரண்டையும் நிறுத்துவது அதன் பிரேக் மட்டுமே.
2. இரு வண்டியிலும் இணைக்கும் இடங்கள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். கம்பி சாய்வாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஆட்டோவின் முன்பக்கம் தூக்கப்படும் அல்லது அமுக்கப்படும்.
3. ஒவ்வொரு முளைக்கும் பூட்டு ஊசி போடவேண்டும். ஆணி, கம்பித் துண்டு ஆகியவற்றால் சமாளிக்கக்கூடாது.
4. ஹேண்டில்பாரைப் பிடிக்க ஆள் கட்டாயம் வேண்டும்.
5. வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. மேம்பாலம் உள்ள வழியைத் தவிர்க்கவேண்டும்.

எச்சரிக்கை: சிறிய சரக்கு வண்டியின் பின் தட்டில் ஆட்டோவின் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கயிற்றால் இறுக்கி இழுப்பது ஆங்காங்கே நடக்கிறது. சக்கரம் திரும்ப வழியில்லாததால் ஒவ்வொரு வளைவிலும் பின்டயர்கள் பக்கவாட்டில் இழுபடும், கட்டும் தளரும். சுழலும் தாங்கி உள்ள மீட்பு வண்டியில் மட்டுமே முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கவேண்டும்.

## முறை 3: ஏற்றிச் செல்லுதல்

இறுகிய சக்கரம், வளைந்த முன்பகுதி, நீண்ட தூரம், மின்சார ஆட்டோ ஆகிய நான்குக்கும் இதுவே முறை. மின்சார ஆட்டோவில் மோட்டார் பின்சக்கரங்களோடு இணைந்தே சுழலும். பின்சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கி, கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கெடுக்கலாம். தயாரிப்பாளரின் கையேடு சொல்வதற்கு மாறாக அதை இழுக்கக்கூடாது.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் நாடாவால் அளக்கவேண்டும். பயணிகள் ஆட்டோவின் நீளம் ஏறத்தாழ 2.6 மீட்டர், லோடு ஆட்டோ 3 மீட்டரைத் தாண்டும். சாதாரண டாடா ஏஸின் தளம் இரண்டுக்கும் போதாது. பெரிய தளமுள்ள பிக்கப் அல்லது 407 வகை வண்டியை வாடகைக்கு எடுப்பது சரியாக இருக்கும்.

### ஏற்றும் வரிசை

1. முதல் தேர்வு, லோடு ஏற்றும் மேடை. அச்சகங்களிலும் கிட்டங்கிகளிலும் லாரித் தளத்துக்குச் சமமான மேடை இருக்கும். அனுமதி பெற்று, அங்கிருந்து நேரே உருட்டி ஏற்றலாம். பட்டாசுக் கிட்டங்கியின் மேடையை இதற்குக் கேட்கக்கூடாது.
2. மேடை இல்லாவிட்டால் பலகை. மூன்று சக்கரத்துக்கு மூன்று பலகை வேண்டும், நடுப்பலகை முன்சக்கரத்துக்கு. இரண்டு பலகையோடு முன்சக்கரத்தை ஆட்கள் தூக்கிப்பிடிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.
3. பலகையின் நீளம் தள உயரத்தைப்போல நான்கு மடங்காவது இருக்கவேண்டும். தளம் 75 செண்டிமீட்டர் உயரம் என்றால் பலகை 3 மீட்டர். அந்தச் சாய்வில் 400 கிலோ வண்டியை ஏற்ற ஏறத்தாழ 100 கிலோ இழுவிசை தேவை.
4. பலகையின் மேல்முனை வழுக்காதபடி தளத்தோடு கட்டவேண்டும்.
5. முன்பக்கம் சேசிஸில் பெல்ட் பூட்டி, செயின் புல்லியால் தளத்தின் முன்சட்டத்திலிருந்து இழுக்கவேண்டும். பின்னால் நின்று தள்ளக்கூடாது. ஒருவர் பக்கவாட்டில் நடந்து, ஒவ்வொரு அடிக்கும் பின்சக்கரத்துக்கு அடைக்கட்டையை நகர்த்தி வரவேண்டும்.
6. ஏறியதும் முதல் கியர், ஹேண்ட் பிரேக், மூன்று சக்கரங்களுக்கும் அடை.
7. சேசிஸின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு ராட்செட் பெல்ட்டுகளைத் தளத்தின் நான்கு மூலைகளுக்கு விரித்துக் கட்டவேண்டும். ஸ்பிரிங் சற்று அமுங்கும் அளவு இறுக்கினால் போதும்.
8. ஒன்றிரண்டு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கவேண்டும்.

இடச் சிக்கனம்: 3 மீட்டர் பலகை மூன்றையும் சுவரோரம், தலைக்கு மேல் உயரத்தில், இரும்புத் தாங்கியில் படுக்கவைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் பக்கத்து உரிமையாளர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கி, ஆட்டோ நிறுத்தத்தில் பொதுவாக வைத்துக்கொள்வது மிக நல்லது.

## கரிசலில் புதைந்த வண்டி

விருதுநகர், சாத்தூர் பக்கத்துக் கரிசல் மண் மழையில் களியாகி டயரைக் கவ்விக்கொள்ளும். நான்கு சக்கர வண்டிகள் போட்ட இரு தடங்களுக்கு நடுவே உள்ள மேட்டில்தான் ஆட்டோவின் முன்சக்கரம் ஓடும். அது ஒரு பக்கம் வழுக்கினால் வண்டி சாய்ந்து நின்றுவிடும்.

1. எஞ்சினை முடுக்குவதை உடனே நிறுத்தவேண்டும். சுழலச் சுழலச் சக்கரம் ஆழமாக இறங்கும்.
2. சுமையை இறக்கவேண்டும்.
3. மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே அடைத்த களியைக் குச்சியால் சுரண்டி எடுக்கவேண்டும்.
4. சக்கரங்களுக்குப் பின்னால் சரிவாக வெட்டி, சாக்கு அல்லது பலகை போடவேண்டும்.
5. வந்த வழியே பின்னோக்கி, நேர்கோட்டில் இழுக்கவேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் வண்டி கவிழும்.
6. இழுக்கும் வண்டி கெட்டித் தரையில் நிற்கவேண்டும். பெல்ட் எட்டாவிட்டால் இரண்டு பெல்ட்டுகளை ஷேக்கிளால் இணைக்கலாம்.
7. பெல்ட்டின் நடுவே நனைத்த சாக்கைப் போடவேண்டும். அறுந்தால் அது வீச்சைக் குறைக்கும். பெல்ட்டின் நீளத்தைவிட அதிகத் தொலைவில் ஆட்கள் விலகி நிற்கவேண்டும்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

- காலால் தள்ளுவது. பின்னால் வரும் ஆட்டோ அல்லது பைக்கில் இருந்து ஒரு காலை நீட்டித் தள்ளுவது பழகிய காட்சி. கால் நழுவினால் இரு வண்டிகளும் ஒரே பக்கம் விழும்.
- பயணிகளை ஏற்றியபடி இழுப்பது. டிரைவரைத் தவிர யாரும் உட்காரக்கூடாது.
- கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்வது. எந்தத் தூரத்துக்கும் கூடாது.
- இழுத்தபடியே கியர் போட்டு எஞ்சினைக் கிளப்ப முயல்வது. கிளம்பினால் முன்வண்டியில் மோதும். கிளம்பாவிட்டால் பின்சக்கரம் இறுகி பெல்ட் வெட்டும்.
- ஒரு பக்கமாகக் கட்டுவது. வண்டி தொடர்ந்து ஒரு பக்கம் இழுபட்டு, டிரைவரின் கை சோர்ந்துவிடும்.
- அவசரத்தில் அடைக்கட்டையை முதலில் எடுப்பது. சாய்வில் நிற்கும் வண்டி கட்டுபவர் மேலேயே உருளும்.

## வேலை முடிந்த பிறகு

1. பட்டறையில் முதலில் சக்கரத்துக்கு அடை கொடுத்து, பிறகே பெல்ட்டைக் கழற்றவேண்டும்.
2. பெல்ட்டை வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்கவேண்டும். சோப்புக் காரம் பாலியெஸ்டரை நலிவாக்கும். வெயிலில் போடக்கூடாது.
3. வெட்டு, நூல் பிரிவு, உருகிய தடம், அழிந்த எடைச் சீட்டு எது இருந்தாலும் அந்தப் பெல்ட்டை வெட்டி எறியவேண்டும். இரண்டாம் தரமாக வைத்திருந்தால் அவசரத்தில் அதுதான் கைக்கு வரும்.
4. ஷேக்கிளின் திருகுமுள் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைக்கவேண்டும்.
5. கட்டிய இடத்தில் சேசிஸ் வளைந்திருக்கிறதா, வெல்டிங் விரிந்திருக்கிறதா என்று பட்டறையில் காட்டவேண்டும்.
6. பையைச் சரிபார்த்து, அன்றே சீட்டுக்கு அடியில் திரும்ப வைக்கவேண்டும். வீட்டில் மறந்து வைத்த பை அடுத்த முறை வழியில் உதவாது.